பிளேடு தீந்து போச்சு

சித்தெ அந்த ஜன்னலை இன்னுங் கொஞ்சம் தள்ளி விடுங்க தம்பி. காத்துக்கு இல்லீங்க, துப்பறதுக்கு. இந்தப் படத்தைப் பாத்துப்போட்டு எச்சிலை உள்ள முழுங்க முடியலீங்க எனக்கு. த்தூ. உங்க மேல படலையே? செரி, செரி.

திருச்செங்கோட்டுல பஸ்ஸு எடுக்கறப்பவே போட்டுட்டான் கண்டக்டரு. பாட்டுப் போடப்பான்னு சொன்னன். "அண்ணா, சிரிப்புப் படமுங்க, கோயமுத்தூரு வர்றதே தெரியாது"ங்கறான். என்னத்தச் சிரிப்பு? ஈரோடு தாண்டியாச்சு. பெருந்துறை வரப்போகுது. எனக்கு இன்னும் ஒரு பல்லு வெளிய வரலை.

நீங்க காதுல அதை மாட்டிக்கிட்டு இருந்தீங்க, அதனால கதையைச் சொல்றன் கேளுங்க. கார் விக்கற கடையில வேலை பாக்கறான் ஒருத்தன். கூட்டாளி கண்ணாலத்துக்குப் போறான். அங்க ஒரு புள்ள. சிரிக்கறாங்க, பேசறாங்க, மழை வருது, கரண்டு போகுது. போச்சா? அடுத்த மாசம் அந்தப் புள்ள ஒரு குச்சியைத் தூக்கிக் காட்டுது, ரெண்டு கோடு. இவன் என்ன சொல்றாங்கறீங்க? "இப்ப வேண்டாமே"ங்கறான். காருக்குள்ள உக்காந்துக்கிட்டு, அவ மூஞ்சியப் பாக்காம ஸ்டேரிங்கைப் பாத்துக்கிட்டுச் சொல்றான். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே"ங்கறான். அந்தப் புள்ள கதவைச் சாத்திப்போட்டு எறங்கிப் போகுது. அதுக்குப் பஸ்ஸே சிரிக்குதுங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னா, அவன் கூட்டாளி சோப்புத் தண்ணியில வழுக்கி உழுந்துட்டானாமா. கருமம்.

அப்புறம் ஒரு தாலி, ஒரு பாட்டு. ஒரே பாட்டுல ஒம்பது மாசம்! முதல் அடிக்கு வாந்தி, நடுவுல மாங்கா, கடைசி அடிக்கு வயிறு. அதுவும் தலகாணி. காத்தடிச்சா தனியா ஆடுது. வாந்தி எடுத்த வாயில சாயம் கூட அழியலீங்க. புள்ளையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டறான் பாருங்க இந்த நாயி, அவன் கதாநாயகனாமா.

அதையெல்லாங்கூட உட்டுப்போடலாம் தம்பி. எனக்குப் பொறுக்க முடியாதது என்னன்னா, அவன் தாவாக்கட்டை. பாருங்க, இப்பக் கூடக் காட்டறான் பாருங்க. மழமழன்னு. தேங்கா மட்டையை இழைச்சு வெச்ச மாதிரி. பொண்டாட்டி முழுகாம இருக்கறா, இவன் தெனமும் சவரம் பண்றான்! எந்த ஊருலீங்க இது? புள்ளத்தாச்சி புருசன் மசுரைத் தொடக்கூடாது. தேங்கா ஒடைக்கக் கூடாது, எழவு ஊட்டுல பாடை தூக்கக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது. இது சின்னப் புள்ளைக்குங்கூடத் தெரியும். படம் எடுக்கறவனுக்குத் தெரியல.

உங்களுக்கும் தாடி இருக்குது. ஊட்டுல முழுகாம இருக்கறாங்களா? என்னது, கண்ணாலமே ஆகலையா? அப்புறம் எதுக்குங்க இந்தத் தாடி? சும்மாவா! ஏனுங், தாடியை யாராவது சும்மா வெப்பாங்களா?

இதுங்களா? என்னுதைக் கேக்கறீங்களா? இது வேற. பிளேடு தீந்து போச்சு. ஊட்டுல சாந்தாமணி இல்ல, அதான் எம் பொண்டாட்டி, அவ இல்லாததுனால வாங்கி வெக்க ஆளில்ல. ரெண்டு மாசமா பிளேடு இல்லையான்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. கடைக்குப் போறப்ப ஞாபகம் வர்றதில்லீங்க.

நானு கோயமுத்தூருக்கு ஹேமர் ரிப்பேருக்குப் போறன். நம்ம தொழிலு ரிக் வண்டிங்க. போர் போடறது. பாறையைக் கொத்தற சாமானுக்கு ஹேமர்னு பேரு. பையில அதான் இருக்குது, காலை இடிச்சுக்காதீங்க. அது ஒரு மணி நேர வேலை. அப்படியே ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கும் போகோணும்.

செரி, உங்ககிட்ட என்னத்துக்குப் பொய்யி, எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. ஹேமரு அடுத்த வாரம் போனாலும் ஆகும். எம் பொண்ணு கோகிலவாணிக்கு இன்னிக்கு வலி எடுத்துருச்சு. தலைச்சன். வெடியால ஏழு மணிக்கு மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, ஆஸ்பத்திரில சேத்தாச்சு, கெளம்பி வாங்க"ன்னாரு. பொண்ணு கூப்பிடலீங்க. பொண்ணு எங்கூடப் பேசி ரெண்டரை மாசம் ஆச்சு. போனா உள்ள உடுமோ, மூஞ்சியத் திருப்பிக்குமோ, தெரியாது. வெறுங்கையை வீசிட்டுப் போயி வாசல்லயே திரும்பி வந்தா அசிங்கமில்லீங்களா? அதான் ஹேமரு. கேட்டா ரிப்பேருக்கு வந்தன்னு சொல்லிக்கலாம்.

என்ன சண்டைன்னா, எல்லாம் இந்தத் தாடியிலதான் வந்துது. இப்ப இருக்கறதுல இல்ல, பழைய தாடி. சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

இருவத்தேழு வருசத்துக்கு முன்னால எனக்கும் சாந்தாமணிக்கும் கண்ணாலம் ஆச்சு. மூணே மாசம். ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கெளம்பிருச்சு, நானும் கெளம்பிட்டன். மூணு வருசம் ஓடி ஓடி ஒழைச்சு ஒரு வண்டியில பங்கு சேரோணும், அப்புறம் புள்ள குட்டின்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துது. அங்க ஒரு எஸ்டிடி பூத்து. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பக்கத்தூட்டுப் போனுக்குக் கூப்பிடுவன், அவ ஓடி வருவா. ஒரு நா எளைப்போட, "ஏனுங், நாள் தள்ளிப் போயிருச்சுங்க"ன்னா.

வெளிய வண்டி ஹாரன் அடிக்குது. "இப்ப என்னத்துக்கு?"ன்னன்.

லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சன்.

டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்பாருன்னு சொன்னன். அவ்வளவுதானுங்க. கேளுன்னுதான சொன்னன்? பண்ணுன்னா சொன்னன்? நீங்க எதுக்கு அந்த டிவியைப் பாக்கறீங்க? அவன் வேற, நான் வேற. அவன் காருக்குள்ள உக்காந்து சொன்னான். நான் ஆயிரத்து எரநூறு கிலோமீட்டருக்கு அக்கட்டால, வெயில்ல நின்னுக்கிட்டு, பின்னால நாலு பேரு போனுக்கு நிக்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?

அவ போகலை. புள்ள வயித்துல நின்னுருச்சு. நின்னதும் நான் என்ன பண்ணுனன்? அன்னிக்கிருந்து மசுரைத் தொடலீங்க. எங்க ரிக்குல எட்டுப் பேரு, எல்லாரும் வாரத்துக்கு ஒருக்கா வழிப்பாங்க, நான் மட்டும் தொடலை. போர் போடறப்பப் பாத்திருக்கறீங்களா? கல்லு பொடியாகி மாவாட்டம் கெளம்பும். அத்தனையும் தாடிக்குள்ள. கறுகறுன்னு இருந்த தாடி சாயங்காலம் வெள்ளையாயிரும். பசங்க என்னைய அப்பாரு, தாத்தான்னு கூப்பிடுவாங்க. அரிப்புன்னா அரிப்பு, ராவெல்லாம் சொறியறது. இருந்தாலும் தொடலை. புள்ளைக்கு ஒரு கொறை வரக்கூடாதுங்களே.

சாந்தாமணி வாராவாரம் கேப்பா, "எப்ப வர்றீங்க?"ன்னு. "தாடி வெச்சிருக்கறன்ல?"ம்பன். "கால் வீங்குது, எங்கம்மா பயந்துக்கறாங்க, ஒரு நடை வந்துட்டுப் போங்க"ம்பா. "அடியே, தாடி வெச்சிருக்கறன்ங்கறன்ல?"ம்பன். அவளுக்கு அதனோட அருமை புரியலீங்க. வண்டியை உட்டுப்போட்டு வந்தா மொதலாளி அடுத்த ஆளைப் போட்டுருவான். ஒம்பதாம் மாசத்துல ஒரு நா கேக்கறதையே உட்டுட்டா. செரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சன்.

கோகிலா பொறந்தது பூத்துலதான் தெரிஞ்சுது. மூணு மாசம் கழிச்சு லீவு குடுத்தாங்க. அப்பவும் நான் வழிக்கலை. ஊட்டுல காட்டோணும்னே வெச்சிருந்தன். நெஞ்சு வரைக்கும் தொங்குது. திருச்செங்கோட்டுல எறங்குறன், பஸ் ஸ்டாண்டு ஓரத்துல ஒரு சலூனு. அந்தாளு என்னையப் பாத்துப்போட்டு, "எங்கண்ணா போறீங்க?"ன்னான். புள்ள பாக்கப் போறன்னன். "பச்சக் கொழந்தையப் பாக்க இந்தக் கோலத்துலயா? பயந்துக்குமுங்க அண்ணா, வாங்க"ன்னு துண்டை ஒதறுனான். எனக்கும் செரின்னு பட்டுது. புள்ள பயந்துக்கும்ல? உக்காந்தன். அஞ்சே நிமிசம் தம்பி. பதினோரு மாசத் தாடி, அஞ்சே நிமிசத்துல கீழ கெடக்குது. எந்திரிச்சுக் கண்ணாடியப் பாத்தா எனக்கே சிரிப்பு. பத்து வயசு கொறைஞ்சு போச்சு.

ஊட்டுக்குப் போனன். புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கறா. என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "எங்கீங்க தாடி?"ன்னா.

"இப்பத்தான் வழிச்சன்"னன்.

"இப்பத்தான்?"

"பஸ் ஸ்டாண்டுல."

சிரிச்சா தம்பி. இன்னிக்கும் அந்தச் சிரிப்பு காதுல இருக்குது. சத்தியம் பண்ணுனன், நம்பலை. மாமியாரு நம்பலை. மச்சினன் எம் மூஞ்சிக்கு நேரா, "மாமன் டிரங்கால்லயே தாடி வளத்தாரு"ன்னான். ஒரு போட்டோ எடுத்திருந்தா? எட்டுப் பேர்ல ஒருத்தன்கிட்டக் கூடக் கேமரா இல்ல. சலூன்கடைக்காரனைக் கூட்டியாந்து சாட்சி சொல்ல வெக்கலாம்னு மறுநா போனன் பாத்துக்கங்க. "தெனம் நாப்பது பேரு வர்றாங்கண்ணா"ன்னுட்டான்.

நம்பலைன்னா போகட்டும். அதைப் புள்ளைகிட்டச் சொல்லி வளத்துவாங்களா? சாந்தாமணி சொல்லியிருக்கறா. தாடியையும் சொல்லியிருக்கறா, டாக்டர்கிட்டக் கேளுன்னதையும் சொல்லியிருக்கறா. பொம்பளைங்க வாயி இருக்குதே.

இப்பக் கட்டுச்சோத்துக்கு வாங்க. கோகிலாவுக்கு ஏழாம் மாசம். நாங்க அஞ்சு வகைச் சோறு ஆக்கி எடுத்துக்கிட்டு, கூடை கூடையாத் தூக்கிக்கிட்டு, ஒறம்பரை நாப்பது பேரோட மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனோம். விருந்து முடிச்சு புள்ளையக் கையோட கூட்டியாறோணும், அதான மொறை. மாப்பிள்ளை சஞ்சீவு வந்து நிக்கறாரு. கம்ப்யூட்டர் வேலை. தாவாக்கட்டையப் பாத்தனுங்க. மழமழங்குது. இந்தப் படத்துக்காரனே தேவலைங்கற மாதிரி. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. சபையில கேட்டுப்போட்டன். "பொண்டாட்டி வயித்துல புள்ளையோட உக்காந்திருக்கறா, நீங்க சவரம் பண்ணிப்போட்டு வந்து நிக்கறீங்க. நீங்கெல்லாம் என்ன அப்பன்?"னு.

அவரு தாவாக்கட்டையத் தடவிக்கிட்டுச் சிரிச்சாரு. பேசுனது எம் பொண்ணு. கை நெறைய வளையலோட மணையில உக்காந்திருந்தவ, தலையை நிமுத்துனா. "அவரு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எங்கூட வந்தாருப்பா. வாந்தி எடுத்தா அவருதான் கழுவி ஊத்துனாரு. உங்க தாடி வந்துதா எங்கம்மாகூட ஆஸ்பத்திரிக்கு? தாடியும் ஊட்டுக்கு வரலை, ஆளும் வரலை"ன்னா. நாப்பது பேரு தம்பி. ஒருத்தன் இலையில கை வெக்கலை. அப்புறம் சொன்னா, "என்னையவே வேண்டாம்னவருதான நீங்க. இந்தக் கொழந்தையப் பாக்க நீங்க வர வேண்டாம்"னு.

கூட்டியாறப் போனவங்க வெறுங்கூடையோட திரும்பி வந்தோம். சாந்தாமணி மட்டும் அங்கயே நின்னுக்கிட்டா, புள்ளையப் பாத்துக்கறதுக்கு. பஸ் ஏறறப்ப எங்கிட்ட வந்து, "தும்பை உட்டுப்போட்டு வாலைப் புடிச்சே பழகிட்டீங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டா. இதுல தும்பு எது, வாலு எது, எனக்கு இன்னும் வெளங்கலை. ரெண்டரை மாசமா நானே பொங்கித் திங்கறன். அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சவரப் பெட்டியைத் தொறந்தன். பிளேடு தீந்து போயிருந்துது.

அட, பெட்டியில ரெண்டு இருந்துதுங்க. துருப் புடிச்சது. அதைக் கணக்குல சேக்க முடியுங்களா?

இதா, அவிநாசி வந்தாச்சு. டிவியைப் பாருங்க, இப்ப அவனுக்கு ஞானம் வந்துருச்சாமா. அந்தப் புள்ளைக்கு வலி, இவன் டிராபிக்குல மாட்டிக்கிட்டான், காரை நடுரோட்டுல உட்டுப்போட்டு ஓடறான். பூக்காரியத் தள்ளிக்கிட்டு ஓடறான், எருமைமாட்டைத் தாண்டி ஓடறான். எவனாவது ஓடுவானா? ஓடிப் போயி இவன் என்ன பண்ணப் போறான், இவனா பெறப் போறான்? எங்க மாப்பிள்ளையும் பிரசவ ரூமுக்குள்ளயே போறாராமா. கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு. ஆம்பளைக்கு அங்க என்ன சோலி? சித்தெ நவுருங்க, துப்பிக்கறன்.

ஏனுங், நீங்க இந்தப் படத்தை முன்னயே பாத்திருக்கறீங்களா? ஓடறானே, நேரத்துக்குப் போயிருவானா? சும்மாதான் கேக்கறன்.

இருங்க, போன் அடிக்குது. மாப்பிள்ளைதான். என்ன இது, வேற மாதிரி அடிக்குது, மூஞ்சி தெரியறாப்புல. எந்தப் பக்கம் தள்ளோணும்? நீங்களே தள்ளி விடுங்க தம்பி.

அலோ! ஆங், தெரியறீங்க மாப்பிள்ளை. சொல்லுங்க. என்னது? பஸ்ஸுச் சத்தத்துல கேக்கலை. ஏப்பா கண்டக்டரு, அந்தக் கருமத்தை அமத்தப்பா! ஆங். பேத்தியா? எப்போ? இப்பத்தானா? மேல புடிங்க, தெரியலை. அடடே. அடடடே. கண்ணு மூடியிருக்குது. சாந்தாமணி மூக்கு. மாப்பிள்ளை, இந்த மூலையில ஒரு வெள்ளத்தாடிக் கெழவன் தெரியறானே, அது ஆரு? நானா? அட கெரகமே, நான்தான். மாவு படிஞ்ச மாதிரியே இருக்குது.

ஆர்கிட்டக் குடுக்கறீங்க? குடுங்க. கண்ணு. அம்மிணி. அப்பாதான். பஸ்ஸுல வர்றன். ஆங்? இதுவா? இது, பிளேடு தீந்து போச்சு கண்ணு. அலோ? அலோ?

கட்டாயிருச்சு.

பாத்தீங்களா தம்பி? பாத்துருச்சு. எம் பொண்ணு தாடியைப் பாத்துருச்சு! "ஏம்ப்பா தாடி?"ன்னு கேட்டுது, நீங்களும் கேட்டீங்கல்ல? இருவத்தாறு வருசமா ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னு இருந்தன். இப்ப ஆரும் தாடி இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? மாப்பிள்ளையும் பாத்தாரு, நீங்க இருக்கறீங்க. மாப்பிள்ளை கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துது, அதைக் கவனிச்சீங்களா? தாவாக்கட்டையில முள்ளு முள்ளா மொளைச்சிருந்துது. ரெண்டு நாளா வழிக்கலையாட்ட இருக்குது. ஆவட்டும்.

என்னுங்க? என்ன கேட்டீங்க?

கோகிலா எப்படி இருக்கறான்னா?

கேக்கலீங்களே.

கேக்கலீங்க தம்பி. கேக்காம உட்டுப்போட்டன். மூஞ்சி வெளுத்து, தலை கலைஞ்சு, வேர்த்து நனைஞ்சு கெடக்குது எம் புள்ள. நான் அந்த மூலையில எந்தாடியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறன். நல்லா இருக்கறயா கண்ணுன்னு ஒரு வார்த்தை வரலை. ஏம்ப்பா தாடின்னு கேட்டுதே, உனக்குத்தான் கண்ணுன்னாவது சொன்னனா? பிளேடு தீந்து போச்சாமா. த்தூ! என்ன வாயி இது. அன்னிக்குப் பூத்துல நின்னு பேசுன அதே வாயி.

அந்தப் போனை மறுபடி தள்ளி விடுங்க. அடிக்குதா? எடுக்கலையா? இன்னொருக்கா. செரி, உடுங்க. புள்ள தூங்கட்டும். நேர்லயே போயிக் கேட்டுக்கறன். உள்ள உடாட்டி வாசல்ல நின்னு கேட்டுக்கறன்.

காந்திபுரம் வந்தாச்சு. அந்தப் படம் என்னாச்சு, அமத்திட்டானா? அவன் போய்ச் சேந்தானான்னே தெரியாமப் போச்சு. போறான், நாசமாப் போகட்டும்.

தம்பி, நீங்களும் இங்கதான எறங்கறீங்க? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்த ஹேமரு பையை நான் தூக்கிக்கறன், அது இல்ல. ஸ்டாண்டை உட்டு வெளிய போறப்ப எடது கைப் பக்கம் ஒரு சலூனு இருக்குது. புள்ள பொறந்தாச்சு, இனி வழிச்சுக்கலாம்தான், மொறைதான். அரிப்பு வேற உசுரு போகுது. அந்தாளு "வாங்கண்ணா"ன்னு துண்டை ஒதறுனான்னா எங்காலு தானா உள்ள போயிரும், என்னைய நான் நம்ப மாட்டன். அந்தக் கடையைத் தாண்டற வரைக்கும் எங்கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி உட்டுருங்க.